நாலு மணி ஊசி

கோயமுத்தூர்ப் பக்கம் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மயக்க மருந்து கொடுக்கப் போகும் டாக்டர்களுக்குக் கார்தான் ஆஸ்பத்திரி. காலையில் கருமத்தம்பட்டி, மத்தியானம் சூலூர், சாயங்காலம் யார் கூப்பிடுகிறார்களோ அந்த ஊர். முதுகில் ஊசி போட்டு, ஆபரேஷன் முடியும்வரை தலைமாட்டில் நின்று, ஆளை வார்டில் கொண்டுபோய் விட்டதும் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு அடுத்த ஊருக்கு ஓட வேண்டும். ஜெனிதா சில வருஷங்களாக அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தாள். ஓட்டத்தில் யாரையும் அவள் கைவிட்டதில்லை என்று பெயர். அந்தப் பெயர் அன்றைக்கு அந்தரத்தில் தொங்கியது.

அன்று காலை கருமத்தம்பட்டியில் டாக்டர் சுப்பையனின் ஆஸ்பத்திரியில் பொற்கொடிக்கு சிசேரியன். பொற்கொடி தறி ஓட்டுகிறவள். இது இரண்டாவது பிள்ளை. முதல் பிள்ளையையும் வேறொரு ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். டேபிளில் உட்காரவைத்து முதுகை வளைக்கச் சொன்னபோது அவள் ஜெனிதாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"போன தடவ மரப்பு எறங்குனதும் உசுரு போற வலிங்க. ரெண்டு நாளு புள்ளையத் தொடக்கூட முடியலீங்க. புட்டிப் பாலுதான். இந்தப் புள்ளைய இன்னைக்கே நான் எடுத்து மடியில வெச்சுக்கோணுங்க. முடியுங்களா?"

"முடியுங்க," என்றாள் ஜெனிதா.

வாக்குக் கொடுப்பது சுலபம். மரத்துப்போகும் மருந்து இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடும், அதற்குப் பிறகு வலியின் ராஜ்ஜியம். அதே சிரிஞ்சில் இரண்டாவது மருந்தாக மார்ஃபினைத் துளியிலும் துளி சேர்த்தால் மறுநாள் காலைவரை வலி எட்டிப் பார்க்காது. அதற்கும் விலை உண்டு. மூக்கு அரிக்கும், சிலருக்கு வாந்தி வரும். அபூர்வமாக யாருக்காவது, எல்லாரும் கண்ணயர்ந்த பிறகு, மூச்சு மெல்ல மெல்லக் குறைந்துவிடும். ஆகவே பக்கத்தில் ஒரு ஆள் விழித்திருந்து பார்க்க வேண்டும். அதற்கு மேலே தூக்க மருந்து எதுவும் ஏறவே கூடாது.

அங்கேதான் சிக்கல். சுப்பையன் ஆஸ்பத்திரியில் நாலு மணி ஊசி என்று ஒரு வழக்கம் இருந்தது. ஆபரேஷன் ஆன எல்லாருக்கும், வலிக்கிறதோ இல்லையோ, சாயங்காலம் நாலு மணிக்கு வலிக்கு ஒன்றும் தூக்கத்துக்கு ஒன்றும் சேர்த்து ஒரே ஊசியாகப் போட்டுவிடுவார்கள். டீ வருகிற மாதிரி அதுவும் வரும். வராவிட்டால் சொந்தக்காரர்கள் முகம் வாடிவிடும்.

"நம்ம நாலு மணி ஊசிய மட்டும் இந்தம்மாவுக்கு நிறுத்தோணும், அவ்வளவுதானுங்களே? ஆகட்டுங்க," என்றார் சுப்பையன். நல்ல மனிதர். யாருக்கும் எதையும் இல்லையென்று சொல்லத் தெரியாதவர். அது எவ்வளவு பெரிய ஆபத்து என்று ஜெனிதாவுக்கு அப்போது உறைக்கவில்லை.

மார்ஃபினும் சேர்த்தே ஊசி போட்டாள், பெண் குழந்தை பிறந்தது. வார்டில் நர்ஸ் லின்சியிடமும் சொன்னாள். "மணிக்கு ஒருக்கா மூச்சு எண்ணிப் பாரு. நாலு மணி ஊசி கூடாது. சந்தேகம்னா உடனே கூப்புடு." மார்ஃபினை முறிக்கும் மாற்று மருந்து அந்த ஆஸ்பத்திரியில் இல்லை. கொடுத்துவிட்டுப் போகலாம் என்று தன் பையிலிருந்து அந்த மருந்துள்ள ஒரு ஆம்பூலை, சின்னக் கண்ணாடிக் குப்பியை, எடுத்து லின்சியிடம் காட்டினாள். காட்டிக்கொண்டிருக்கும்போதே சூலூரிலிருந்து போன் வந்தது. லேத்தில் கை சிக்கிய ஆளைக் கொண்டுவந்திருக்கிறார்கள், நரம்பு அறுந்திருக்கிறது, உடனே வர வேண்டும். ஜெனிதா ஒரு கையில் போனும் ஒரு கையில் பையுமாகப் படியிறங்கினாள். ஆம்பூல் மறுபடி பைக்குள்ளேயே போய்விட்டது. அதை அவளும் கவனிக்கவில்லை, லின்சியும் கேட்கவில்லை.

கட்டிலுக்கு அந்தப் பக்கம் பொற்கொடியின் அம்மா மாசாணியம்மாள், பேத்தியைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மா போகும்போது எழுந்து நின்று கும்பிட்டாள். ஜெனிதா ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுப் போனாள்.

சூலூரில் ஆபரேஷன் சுலபத்தில் முடிவதாக இல்லை. அறுந்த நரம்பு ஒவ்வொன்றையும் தேடி எடுத்துத் தைத்துக்கொண்டிருந்தார் டாக்டர் ஹர்ஷா. இது முழு மயக்கம். தொண்டைக்குள் குழாய் போட்டு, அந்த ஆளின் மூச்சையே ஜெனிதாதான் கையில் வைத்திருந்தாள். ஐந்து மணிக்கு மேல் அவள் போன் அடித்தது. தியேட்டர் சிஸ்டர் தாஜுன்னிசா எடுத்து அவள் காதருகே பிடித்தாள்.

"மேடம், லின்சிங்க. ஒன்னுமில்ல, சும்மா சொல்லலாம்னுதான். பொற்கொடி நல்லாத் தூங்கறாங்க. வலியே இல்ல. கொறட்டைகூட உடறாங்க."

காலையில் வயிறு கிழித்தவள் பட்டப்பகலில் குறட்டை விட்டுத் தூங்கினால் அது தூக்கமாக இருக்காது.

"எழுப்பிப் பாரு."

"கூப்புட்டா கண்ணத் தொறக்கறாங்க மேடம். உடனே மூடிக்கறாங்க."

"மூச்சு எண்ணு. ஒரு நிமிஷம் முழுசா. போனை வைக்காத."

போனுக்குள் மின்விசிறி கடகடத்தது. எங்கேயோ லாரி ஹாரன். பச்சைக் குழந்தை ஒன்று முனகியது. இந்தப் பக்கம் சூலூர் மானிட்டர் டிக் டிக்கென்று தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஜெனிதா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஏழு மேடம்." லின்சியின் குரல் இப்போது வேறாக இருந்தது.

அதைப் போல இன்னும் ஒரு மடங்காவது இருக்க வேண்டும். "ஆக்சிஜன் மாட்டு. தாடையத் தூக்கிப் பிடி. லின்சி, ஊசி போட்டியா?"

ஆக்சிஜன் சிலிண்டரை இழுக்கும் சத்தம் கேட்டது.

"லின்சி, திட்டமாட்டேன். சொல்லு."

"நான் போடமாட்டேன்னுதான் மேடம் சொன்னேன். மூணு தடவ சொன்னேன். அந்தப் பாட்டி, டாக்டர் ஒரு கல்யாணத்துக்குக் கெளம்பறப்ப கார்க்கிட்டப் போய் நின்னு கும்புட்டுப்போட்டாங்க. அவருதான் 'பாவம், போட்டுரும்மா'ன்னாரு. இப்ப அவரு போனை எடுக்க மாட்டேங்கறாரு."

கல்யாண மண்டபத்தில் மேளச் சத்தத்துக்கு நடுவில் போன் யாருக்குக் கேட்கும்? ஜெனிதாவுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் போனது. கோபப்படக்கூட நேரமில்லை. மாற்று மருந்தைப் போடு என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அது ஞாபகம் வந்தது. அது இங்கே, பக்கத்து அறையில், ஆணியில் மாட்டிய தன் பைக்குள் இருக்கிறது.

"சிஸ்டர், என் பையில பக்கத்து ஜிப்புல ஒரு ஆம்பூல் இருக்கு. வெளிய என் டிரைவர் ஜோஸ் இருப்பாரு. அவருகிட்டக் குடுங்க. கருமத்தம்பட்டி, காலையில போன அதே ஆஸ்பத்திரி. ஆம்புலன்சுக்குக்கூட வழி உடாம ஓட்டச் சொல்லுங்க."

கடைசியில் சொன்னது எவ்வளவு அபத்தம் என்று யாரும் சிரிக்கவில்லை. தாஜுன்னிசா போனை ஸ்பீக்கரில் போட்டு மருந்து வண்டிமேல் வைத்துவிட்டு ஓடினாள்.

ஹர்ஷா தலை நிமிராமல் கேட்டார். "நீங்க போகோணுங்களா?"

"நான் போயிட்டா இவருக்கு யாருங்க?"

அவர் தொடர்ந்து தைத்தார். அறுந்த கையோடு படுத்திருந்த அந்த ஆளின் நெஞ்சு, அவள் அமைத்துவைத்த கணக்குக்கு, ஒழுங்காக ஏறி இறங்கியது. கண்ணெதிரே இருப்பவனுக்கு மூச்சு குறைவில்லாமல் போய்க்கொண்டிருந்தது. வாக்கு வாங்கிக்கொண்டவளுக்குத்தான் இல்லை.

மார்ஃபினில் ஒரு விசித்திரம் உண்டு. மூச்சு விட வேண்டும் என்பதைத்தான் அது மறக்கடிக்கும். விடு என்று யாராவது சொன்னால், கேட்கிற நிலையில் இருக்கும்வரை விடுவார்கள். ஜோஸ் போய்ச் சேருகிறவரை சொல்லிக்கொண்டே இருக்க ஒரு ஆள் வேண்டும். லின்சிக்கு இரண்டு கையும் தாடையிலும் முகமூடியிலும் மாட்டியிருந்தது.

"லின்சி, அவங்கம்மாவக் கூப்புடு. போனை அவங்க பக்கம் வை."

மாசாணியம்மாளின் குரல் தயங்கித் தயங்கி வந்தது. "டாக்டரம்மா, கும்புடறனுங்க. ஊசி போட்டப்பொறந்தானுங்க எம் புள்ள நல்லாத் தூங்குது. பெத்த ஒடம்புங்க. எழுப்போணுங்களா? பாவமுங்க."

நாசூக்காகச் சொல்ல ஜெனிதா ஒரு நொடி வார்த்தை தேடினாள். பிறகு தேடுவதை விட்டாள். "அம்மா, அவ தூங்கலீங்க. மூச்சு உட மறக்கறா. இப்படியே உட்டா நின்னுரும். மருந்து கார்ல வந்துட்டிருக்கு. அதுவரைக்கும் நீங்க அவளத் தூங்க உடக்கூடாது. பேரச் சொல்லிக் கூப்புடுங்க. மூச்சு உடுன்னு சொல்லுங்க. உட்டதும் மறுபடி சொல்லுங்க. நிறுத்தவே கூடாதுங்க."

அந்தப் பக்கம் குழந்தையைக் கட்டிலில் கிடத்தும் அரவம் கேட்டது.

"பொற்கொடி," என்றது குரல். மரியாதையும் தயக்கமும் அதிலிருந்து உதிர்ந்துபோயிருந்தன. "பொற்கொடி. கண்ணு. மூச்சு உடு."

"உடறாங்க மேடம்," என்றாள் லின்சி.

"இன்னொண்ணு உடு கண்ணு. நல்லா இழுத்து உடு. அப்படித்தான். பொற்கொடி. இன்னொண்ணு."

காட்டு வேலையில் அடுத்த வயலில் இருப்பவளைக் கூப்பிட்டுப் பழகிய தொண்டை அது. சூலூர் தியேட்டர் முழுக்க அந்தக் குரல் நிறைந்தது. தாஜுன்னிசா திரும்பி வந்து கதவோரம் அப்படியே நின்றுவிட்டாள். குரல் உடு என்று சொல்லும்போதெல்லாம் தன்னை அறியாமல் தானும் மூச்சு விடுவதை ஜெனிதா கவனித்தாள். ஹர்ஷாவின் ஊசியும் அந்தத் தாளத்துக்கே போய்வந்தது.

ஜோஸிடமிருந்து தாஜுன்னிசாவின் போனுக்கு அழைப்பு. தறிகளுக்குப் பாவு நூல் உருளை ஏற்றிய டெம்போ ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்று திரும்ப முடியாமல் முழிக்கிறதாம். இறங்கி ஓடட்டுமா என்று கேட்டான். ஓடுகிற தூரமில்லை. "ஹாரன் அடிச்சுட்டே இருங்க," என்றாள் ஜெனிதா, வேறென்ன சொல்வது.

"பொற்கொடி. பொற்கொடி. ஏம் புள்ள, அம்மா கூப்புடறனல்ல? மூச்சு உடு. ஏனுங்க டாக்டரம்மா, கண்ணத் தொறக்க மாட்டேங்கறா. சொன்னா கேக்க மாட்டேங்கறா."

"மேடம், உதடு நீலமாகுது."

"லின்சி, நான் சொல்றதக் கேளு. மூச்சு குடுக்கற ரப்பர் பையை எடு. முகமூடிய அழுத்திப் பிடி. தாடை மேல. இப்ப அமுக்கு. நெஞ்சு தூக்குதா?"

"இல்ல மேடம்."

"தலைய இன்னும் பின்னால சாய். தாடையத் தூக்கு. அமுக்கு."

"தூக்குது. தூக்குது மேடம்."

"அதே மாதிரி. அவசரப்படாத. அம்மா, நீங்க நிறுத்தாதீங்க. காது கேக்கும். கூப்புடுங்க."

மாசாணியம்மாள் நிறுத்தவில்லை. குரல் உடைந்தது, உடைந்த குரலிலேயே கூப்பிட்டாள். பெயரைச் சொன்னாள், சின்ன வயசில் கூப்பிட்ட பெயரைச் சொன்னாள், பெத்த புள்ளைய யாருடி பாப்பாங்க என்று திட்டினாள், மாசாணியாத்தாளைக் கூப்பிட்டாள். நடுநடுவே மூச்சு உடு, மூச்சு உடு என்று கெஞ்சினாள். ஜெனிதா இயேசுவைக் கூப்பிட்டாள், வாய்க்குள்ளேயே.

படியில் தடதடவென்று செருப்புச் சத்தம் போனில் கேட்டது. ஜோஸ்.

"மருந்து வந்திருச்சு மேடம். முழுசா ஏத்திரட்டுங்களா?"

ஏற்று என்று சொல்லத்தான் ஜெனிதாவின் நாக்கு துடித்தது. முழு ஆம்பூலும் ஏறினால் மூச்சு திரும்பும், சந்தேகமில்லை. கூடவே அடக்கிவைத்த வலி மொத்தமும் ஒரே அடியாகத் திரும்பும். ரத்த அழுத்தம் எகிறும். பிள்ளையை மடியில் வைக்க வேண்டும் என்று கேட்டவள் கட்டிலில் புழுவாகத் துடிப்பாள். பை அமுக்கினால் நெஞ்சு தூக்குகிறது. அப்படியானால் இன்னும் கொஞ்சம் நேரம் கையில் இருக்கிறது.

"வேண்டாம். பத்து மில்லி சலைன்ல கலக்கு. ஜோஸ், நீங்க அந்தப் பையை அவ சொல்ற மாதிரி அமுக்குங்க. லின்சி, ரெண்டு மில்லி மட்டும் ஏத்து. ஏத்திட்டுப் பொறு."

"மேடம், பயமா இருக்கு. முழுசாப் போட்டர்றேனே."

"எனக்கும் பயந்தான். ரெண்டு மில்லி."

பொறுத்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை.

"இன்னும் ரெண்டு."

மறுபடி பொறுத்தார்கள். தான் வாக்கைக் காப்பாற்றுவதற்காக ஒரு உயிரைப் பணயம் வைக்கிறோமோ என்று ஜெனிதாவுக்கு ஒரு கணம் தோன்றியது. ஹர்ஷா நூலை வெட்டினார். இன்னும் ரெண்டு என்று சொல்ல அவள் வாயைத் திறந்தபோது போனுக்குள் யாரோ ஆழமாக, முழுசாக ஒரு மூச்சை இழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு கரகரத்த குரல்.

"ஏம்மா இப்படிக் கத்தற? புள்ள பயந்துக்கும்."

மாசாணியம்மாள் வாய்விட்டு அழுதாள். தாஜுன்னிசா முகக்கவசத்துக்கு மேலே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஜெனிதா அழவில்லை. மயக்கத்தில் இருப்பவனின் நாடியைப் பிடித்துப் பார்த்தாள். அது நன்றாக இருந்தது. தன்னுடையதுதான் தறிகெட்டு ஓடிக்கொண்டிருந்தது.

லேத் ஆளைக் கண் விழிக்கவைத்து, பேசவைத்து, ஹர்ஷாவின் ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, அவர்களில் ஒருவர் ஓட்டிய பைக்கின் பின்னால் உட்கார்ந்து அவள் கருமத்தம்பட்டிக்கு வந்து சேர்ந்தபோது விளக்குப் போட்டிருந்தார்கள். சுப்பையன் பட்டு வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வார்டு வாசலில் நின்றிருந்தார். கல்யாணத்துக்குப் போய்வந்த முகம் அல்ல அது.

"அந்தம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க. மனசு கேக்கலீங்க. ஒரு ஊசிதானேன்னு நெனச்சுப்போட்டேன்," என்றார். பிறகு, "இனி அந்த ரெண்டாவது மருந்து நம்ம ஆஸ்பத்திரிக்கு வேண்டாங்க. பழையபடியே இருந்துக்கலாம்," என்றார்.

ஜெனிதா பொற்கொடியைப் பார்க்க உள்ளே போனாள்.

பொற்கொடி சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை பால் குடித்துக்கொண்டிருந்தது. "இழுக்குதுங்க, ஆனா வலின்னு சொல்லமுடியாதுங்க," என்று சிரித்தாள். மூக்கைச் சொறிந்துகொண்டாள். நடந்தது அவளுக்கு அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

மாசாணியம்மாள் தரையில் உட்கார்ந்திருந்தாள். டாக்டரம்மாவைக் கண்டதும் எழப்போனாள். ஜெனிதா அவள் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தாள். கத்திக் கத்தி மாசாணியம்மாளுக்குத் தொண்டை கட்டியிருந்தது.

"அந்த ஊசிதானுங்களா?"

ஜெனிதா தலையாட்டினாள்.

"பக்கத்துக் கட்டிலுக்குப் போட்டாங்க. அதுக்கு அடுத்த கட்டிலுக்கும் போட்டாங்க. எங்களத் தாண்டிப் போயிட்டாங்க. கேட்டா, கூடாதுன்னாங்க. எதுக்குன்னு சொல்லலீங்க. எங்களுக்கு எப்பவும் அப்படித்தானுங்க. பந்தியானாலும் சரி, ரேசனானாலும் சரி, வாயத் தொறந்து கேக்கலைன்னா தாண்டித்தான் போவாங்க. எம் புள்ளைக்குக் கெடைக்காமப் போயிரக் கூடாதுன்னுதான் போய்க் கும்புட்டேன். நான் கும்புட்டுக் கேட்டு வாங்குனது எம் புள்ளைய முழுங்கப் பாத்துதுங்களா?"

அழுத பிள்ளைக்குத்தான் பால் என்று ஊரே சொல்லிக்கொடுத்திருக்கிறது. அதைத்தான் அவளும் செய்தாள். ஜெனிதா டாக்டரிடம் சொன்னாள், நர்ஸிடம் சொன்னாள். கட்டிலை விட்டு ஒரு நிமிஷமும் நகராத இந்த ஒருத்தியிடம் மட்டும் சொல்லவில்லை. ஒரு சிரிப்போடு போய்விட்டாள். அவளும் தாண்டித்தான் போனாள். அது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது.

"நீங்க கேட்டது தப்பில்லீங்கம்மா. எதுக்கு வேண்டாம்னு உங்ககிட்டச் சொல்லாமப் போனது என் தப்பு. முறிக்கற மருந்தையும் கையோட எடுத்துட்டுப் போயிட்டேன். நீங்க கூப்புடலைன்னா இன்னைக்கு அவ இல்லீங்க."

மாசாணியம்மாள் அவளையே பார்த்தாள். படித்தவர்கள் இப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை போலும்.

"இப்பச் சரியாயிடுச்சுங்களா?"

இந்தத் தடவை ஜெனிதா எதையும் மென்று முழுங்கவில்லை. லின்சி ஏற்றிய மாற்று மருந்து சீக்கிரம் தீர்ந்துவிடும், முதுகில் போனது காலைவரை இருக்கும், ஆகையால் மூச்சு மறுபடி குறையலாம், குறைந்தால் இன்னொரு முறை போட வேண்டியிருக்கும் என்று பச்சையாகச் சொன்னாள். பொற்கொடியின் நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டி, எப்படிப் பார்ப்பது, எப்போது பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். மாசாணியம்மாள் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டாள்.

ஜெனிதாவின் போன் அடித்தது. அவிநாசியில் ஒரு சிசேரியன், உடனே கிளம்பி வரச் சொல்லி ஒரு ஆஸ்பத்திரி. பழக்கதோஷத்தில் அவள் கை பையைத் தூக்கியது.

மாசாணியம்மாள் அந்தக் கையைப் பார்த்தாள். கும்பிடவில்லை. எழுந்தும் நிற்கவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே, இல்லாத குரலில் கேட்டாள்.

"டாக்டரம்மா, இன்னைக்கு எங்களத் தாண்டிப் போயிராதீங்க."

ஜெனிதா போனை எடுத்து, "இன்னைக்கு முடியாதுங்க, வேற ஆளப் பாருங்க," என்றாள். பையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். இரண்டு பேருமாகப் பொற்கொடியின் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"பொற்கொடி, மூச்சு உடு கண்ணு," என்றாள் மாசாணியம்மாள்.

"உட்டுட்டுத்தானம்மா இருக்கறேன்," என்றாள் பொற்கொடி.